பெயர்ப் பலகைக்கு யார் சொந்தக்காரர்?

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியபோது, ஊர் பேசியதெல்லாம் சம்பளத்தைப் பற்றித்தான். சுமார் 1,800 பேர் வேலை செய்யும் ஆலை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டி.வி.யும் செய்கிற இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். அக்டோபரில் ஒருநாள் இரவோடு இரவாகச் சங்கத்துக்காரர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பந்தலும் பிரிக்கப்பட்டது. மூன்று அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். 37 நாள் கழித்து எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். ஊதியம், வேலை நேரம் என்று பேச ஆயிரம் இருந்தும், இறுதிவரை அவிழாமல் நின்ற முடிச்சு ஒரு பெயர். ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ என்ற பெயர்.

சி.ஐ.டி.யு. தொழிற்சங்க அமைப்பின் ஆதரவோடு அந்தச் சங்கம் அமைந்தது 2024 ஜூனில். பதிவு கேட்டு விண்ணப்பித்தார்கள். விண்ணப்பம் தொழிற்சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் கிடந்தது. நிறுவனம் சொன்ன ஆட்சேபம் இதுதான்: சங்கம் வைப்பதற்கு நாங்கள் எதிரி இல்லை, ஆனால் ‘சாம்சங்’ எங்கள் பதிவு பெற்ற வணிகச் சின்னம், அதைச் சங்கத்தின் பெயரில் போடக் கூடாது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி டிசம்பரில் நீதிமன்றம் பதிவாளருக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரி 27 அன்று, அதே பெயரில் சங்கம் பதிவானது. ஒரு பெயருக்காக அரை வருடத்துக்கு மேல் போய்விட்டது.

நிறுவனத்தின் பக்கம் நின்று பேசுகிறவர்களின் வாதத்தைக் கேட்டிருக்கிறேன். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத்தான் படும். முதல் போட்டது கம்பெனி, விளம்பரத்துக்குக் கோடிகளைக் கொட்டியது கம்பெனி, அந்தப் பேரைச் சங்கத்துக்காரர் தூக்கிப் பலகையில் எழுதினால் எப்படி? வேண்டுமானால் ‘காஞ்சிபுரம் மாவட்ட மின்சாதனத் தொழிலாளர் சங்கம்’ என்று வைத்துக்கொள்ளட்டுமே என்கிறார்கள். இதை ஏற்க எனக்கு மனமில்லை. காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் போகிற இளைஞனிடம் வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி, “எந்தக் கம்பெனி தம்பி?” என்பது. “ஹூண்டாய்ல இருக்கேன் சார்”, “சாம்சங்ல இருக்கேன் சார்” என்கிற பதிலில்தான் அட்வான்ஸ் தொகையே முடிவாகிறது. காலையில் முக்குக்கு வந்து அவனை ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸின் கண்ணாடியில் அந்தப் பெயர். கழுத்தில் தொங்கும் அட்டையில் அந்தப் பெயர். வண்டிக் கடன் படிவத்தில் ‘பணிபுரியும் நிறுவனம்’ என்ற கட்டத்தில் அந்தப் பெயர். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானால், பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே டிப்ளமோ படிப்பைப் போட்டு, அடுத்த வரியில் அடைப்புக்குறிக்குள் கம்பெனி பெயரையும் போட்டுத்தான் அச்சடிக்கிறார்கள். வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த பையன்களுக்கு அந்த வரி எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். வணிகச் சின்னத்தைப் பத்திரிகையில் போட்டதற்காக எந்தக் கம்பெனியும் எந்த மாப்பிள்ளை மீதும் வழக்குப் போட்டதில்லை. கம்பெனிக்குப் பெருமை சேர்க்கிற இடத்திலெல்லாம் அந்தப் பெயரை அவன் தாராளமாகச் சொல்லலாம். சக தொழிலாளிகளோடு சேர்ந்து கூலி பேச உட்கார்ந்தால் மட்டும் அது களவு ஆகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வணிகச் சின்னச் சட்டம் 1999இன் 29ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவைப் பாருங்கள். பதிவு பெற்ற சின்னத்தை ஒருவர் தன் வணிகப் பெயராகவோ அதன் பகுதியாகவோ வைத்துக்கொண்டு, அந்தச் சின்னம் எந்தப் பொருளுக்கோ சேவைக்கோ பதிவாகியிருக்கிறதோ அதையே வியாபாரம் செய்தால், அது அத்துமீறல். சாம்சங் தொழிலாளர் சங்கம் ஃபிரிட்ஜ் விற்கவில்லை. சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர் எவரும், டி.வி. வாங்கப் போய் ஏமாந்து சங்கத்தில் சேர்ந்துவிடவில்லை. இன்னொரு பக்கம், அப்போது நடப்பில் இருந்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 7ஆம் பிரிவு. சங்கத்தின் பெயரை மாற்றச் சொல்லப் பதிவாளருக்கு அது அதிகாரம் தந்தது ஒரே ஒரு காரணத்துக்காக: ஏற்கெனவே இருக்கிற வேறொரு சங்கத்தின் பெயரோடு அது ஒத்துப்போய், ஆட்கள் குழம்ப நேர்ந்தால். முதலாளியின் பெயர் இருக்கக் கூடாது என்று அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

நடைமுறையும் அப்படித்தான் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலேயே ஹூண்டாய் மோட்டார் இந்தியா ஊழியர் சங்கம் இருக்கிறது. அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். யுனைடெட் வொர்க்கர்ஸ் யூனியன். மானேசரில் மாருதி சுசுகி தொழிலாளர் சங்கம். இவற்றால் அந்த நிறுவனங்களின் கார் விற்பனையோ டயர் விற்பனையோ குழம்பிப்போனதாக யாரும் சொன்னதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், சாம்சங்கின் சொந்த நாட்டைப் பார்ப்போம். நிறுவனர் லீ பியுங்-சுல் காலத்திலிருந்து ‘சங்கமே வேண்டாம்’ என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்த நிறுவனம் அது. 2020 மே மாதம் அவருடைய பேரன் லீ ஜே-யோங் பொதுமக்கள் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, இனி அந்தக் கொள்கை இல்லை என்று அறிவித்தார். 2024 ஜூலையில் அந்த நிறுவனம் தென் கொரியாவில் தன் வரலாற்றிலேயே பெரிய வேலைநிறுத்தத்தைச் சந்தித்தது. அதை நடத்திய சங்கத்தின் பெயர், ‘தேசிய சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சங்கம்’. சியோலில் சங்கப் பலகையில் இருக்கலாம் என்கிற பெயர் சுங்குவார்சத்திரத்தில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது? இந்தக் கேள்விக்கு இதுவரை ஒழுங்கான பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெயரை விட்டுக்கொடுத்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்கள் வேலைநிறுத்தம் நடந்த அந்த அக்டோபரை நினைத்துப் பார்க்க வேண்டும். சங்கத்தை ஒதுக்கிவிட்டு, ஆலைக்குள்ளேயே ஒரு ‘கமிட்டி’யோடு நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. கம்பெனியின் பெயர் கமிட்டிக்கு இயல்பாக ஒட்டிக்கொள்ளும். வெளியே பந்தலில் இருப்பவர்களோ பெயரில்லாத கூட்டமாகிவிடுவார்கள். நாளைக்கு வேலையில் சேரும் ஒரு பயிற்சித் தொழிலாளி, ‘நம்ம கம்பெனிக்குச் சங்கம் இருக்கா?’ என்று தேடினால் எந்தப் பெயரில் தேடுவான்? யாரிடம் கூலி பேசுகிறோமோ அவர் பெயரைச் சொல்ல முடியாத சங்கம், பேச உட்காரும்போதே ஒரு படி கீழே உட்கார்கிறது.

இந்தச் சண்டை சென்னைக்குப் புதிதும் இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தலைவர் பி.பி. வாடியா, அவரோடு திரு.வி.க. ஆலை, பின்னி கம்பெனியுடையது. 1920இல் கதவடைப்பு நடந்தது. தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று சொல்லி, வாடியா மீதும் சங்கத்தினர் மீதும் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டுத் தடையும் வாங்கியது. வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்த வழக்கு முடிவுக்கு வந்தது. சங்கம் வைப்பதே குற்றமாகிவிடக் கூடாது என்ற கோரிக்கை நாடெங்கும் எழுந்தது அதன் பிறகுதான். 1926 சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. அன்றைக்கு ஒப்பந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். இன்றைக்கு வணிகச் சின்னச் சட்டம் கைக்கு வாகாக இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஸ்டார்பக்ஸ் காபிக் கடை ஊழியர்கள் ‘ஸ்டார்பக்ஸ் வொர்க்கர்ஸ் யுனைடெட்’ என்ற பெயரில் சங்கம் வைத்தார்கள். 2023 அக்டோபரில் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாகச் சங்கத்தின் பக்கத்தில் ஒரு பதிவு வந்ததும், எங்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துகிறார்கள் என்று கம்பெனி வழக்குப் போட்டது. அந்தப் பெயர் அதற்கு முன் இரண்டு வருடமாக ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த பிப்ரவரியில் இரு தரப்பும் சமாதானப் பேச்சுக்கு வந்தன. அமேசான் கிடங்கில் 2022 ஏப்ரல் 1 அன்று முதன்முதலாகத் தேர்தலில் வென்ற சங்கமோ, ‘அமேசான் லேபர் யூனியன்’ என்று கம்பெனியின் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டேதான் வென்றது.

ஆற்றின் பெயர், அப்பாவின் பெயர்

அமேசான் என்றதும் இணையத்தில் நடந்த ஒரு நீண்ட வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாட் காம், டாட் இன் போல இணைய முகவரியின் வால் பகுதியாக ‘டாட் அமேசான்’ வேண்டும் என்று அந்த நிறுவனம் 2012இல் விண்ணப்பித்தது. இணையப் பெயர்களைப் பங்கிடும் ஐகான் அமைப்பு, அந்தச் சுற்றில் ஒரு விண்ணப்பத்துக்கு வாங்கிய கட்டணம் 1,85,000 டாலர். பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. அது எங்கள் ஆறு, எங்கள் காடு, அங்கே எங்கள் மக்கள் வாழ்கிறார்கள், அந்தப் பெயரை ஒரு கடைக்கு எழுதிக்கொடுக்காதீர்கள் என்றன. 2014இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2017இல் தனி ஆய்வுக் குழு நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. அமேசான் படுகையில் உள்ள எட்டு நாடுகளையும் சமாதானப்படுத்த, 50 லட்சம் டாலர் மதிப்புக்குக் கிண்டில் கருவிகளும் சேவைகளும் தருவதாகக்கூட நிறுவனம் சொன்னது. ஆற்றுக்கு ஈடாகக் கிண்டில்! 2019இல் ஐகான் பச்சைக்கொடி காட்ட, அந்தப் பெயர் கம்பெனிக்கே போனது. இதே போல் ‘டாட் பட்டகோனியா’ கேட்ட துணிக் கம்பெனி, அர்ஜென்டினா எதிர்த்ததும் 2013இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த நாகரிகம் எல்லாருக்கும் வரவில்லை.

தனி மனிதனின் கதை இதைவிடக் கனமானது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஊசி நிசான் என்று ஒருவர். நிசான் அவருடைய குடும்பப் பெயர். 1980லேயே அந்தப் பெயரில் தொழில் நடத்தினார். ஜப்பான் கார் கம்பெனி அப்போது அமெரிக்காவில் ‘டாட்சன்’ என்ற பெயரில்தான் வண்டி விற்றுக்கொண்டிருந்தது. 1994இல் தன் கணினிக் கடைக்காக நிசான் டாட் காம் என்ற முகவரியைப் பதிவு செய்தார். 1999 டிசம்பரில் கார் கம்பெனி ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அந்த முகவரியில் வணிகம் செய்யக் கூடாது, கம்பெனியைக் குறை சொல்லியும் எழுதக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குறை சொல்வதைத் தடுக்க முடியாது, அது பேச்சுரிமை என்று சொல்லி அந்தப் பகுதியை நீக்கியது. முகவரியைக் கடைசிவரை அவர் விடவில்லை. 2020இல் கொரோனாவில் இறந்துபோனார். அப்பன் வைத்த பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனிதனின் வாழ்க்கையில் பல வருடம் கோர்ட்டுக்குப் போனது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெயரைப் பிடித்து வைத்து விலை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகப் போகின்றன என்ற பேச்சு கிளம்பியதும், இரண்டையும் ஒட்டி ஒரு முகவரியை முன்கூட்டியே வாங்கி வைத்த டெல்லி இளைஞர், தன் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவை நிறுவனம் ஏற்றால் தருகிறேன் என்று 2024இல் வெளிப்படையாகவே எழுதினார். அவர் மேல் பலருக்கு அனுதாபம் வந்தது. எனக்கும் கொஞ்சம் வந்தது. ஆனால் அந்தப் பெயரில் அவருக்கு வாழ்வும் இல்லை, உழைப்பும் இல்லை. 1999இல் ஐகான் வகுத்த விதி இதைச் சரியாகவே பிரிக்கிறது: பெயர் குழப்பும்படி ஒத்திருக்கிறதா, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லையா, கெட்ட எண்ணத்தோடு வாங்கிப் பயன்படுத்தினாரா என்று மூன்றையும் நிரூபித்தால்தான் பறிக்கலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2004இல் சிஃபி வழக்கில், இணைய முகவரிக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்றது. வாங்குகிறவரை ஏமாற்றாதே என்பதுதான் இவற்றின் உயிர்.

அந்த அளவோடு நின்றால் யாருக்கும் சண்டை இல்லை. வணிகச் சின்னம் பட்டா நிலம் போல, கால் வைத்தவனையெல்லாம் விரட்டலாம் என்று கம்பெனிகள் நினைக்கத் தொடங்கும்போதுதான் வம்பு வருகிறது.

விதைப் பையில் எழுதியதும் எழுதாததும்

பெயர்ச் சண்டை விதையிலும் உண்டு. வயலுக்கு வருவோம். விதைக் கடையில் மூட்டையின் வாயில் தைத்திருக்கும் அட்டையை விவசாயி முதலில் பார்ப்பார். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். அதில் ரகத்தின் பெயர், முளைப்புத்திறன், காலாவதி நாள். போலி விதையால் ஒரு போகம் போனவருக்கு அந்த அட்டையின் அருமை தெரியும். ஆகவே விதையில் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் விவசாயிக்கு மறுபேச்சே கிடையாது.

2001இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இதை அழகாகவே கையாண்டது. பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஒன்றுதான் கூடாது: பையில் அடைத்து, பாதுகாக்கப்பட்ட ரகம் என்று தெரியும்படி அச்சிட்டு விற்பது. பெயர் கம்பெனிக்கு, விதை விவசாயிக்கு. இதைவிடத் தெளிவான கோடு எந்த நாட்டுச் சட்டத்திலும் நான் கண்டதில்லை. அப்படியிருந்தும் 2019இல், சிப்ஸுக்கான எஃப்.எல். 2027 உருளைக்கிழங்கைப் பயிரிட்டார்கள் என்று குஜராத் விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டது. சிலரிடம் ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டது. நாடே கொதித்ததும் மே மாதம் வழக்கைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன் 1997இல் அமெரிக்காவின் ரைஸ்டெக் கம்பெனி பாசுமதி நெல்லுக்கே காப்புரிமை வாங்கியதையும், இந்தியா எதிர்த்ததும் முக்கியமான உரிமைகோரல்களை அது விட்டுக்கொடுத்ததையும் பலர் மறந்திருக்கலாம்.

மரபணு விஷயத்தில் பெயர்ச் சண்டை தலைகீழாகிறது. கலிபோர்னியாவிலிருந்து வெர்மான்ட் வரை, மரபணு மாற்றிய உணவு என்று பொட்டலத்தில் எழுதச் சொன்னபோது பெரிய உணவுக் கம்பெனிகள் வருடக்கணக்கில் எதிர்த்தன. வெர்மான்ட் மாநிலம் போட்ட சட்டம் 2016 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்க மத்திய அரசு வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்து அதை மூடிவிட்டது. தன் பெயரை ஒரு எழுத்துக்கூட விட்டுத்தர மாட்டேன் என்பவர்கள், பொருளின் பிறப்பைச் சொல்லும் ஒரு வரிக்கு இடமில்லை என்றார்கள்.

நம் ஊரில் 2010 பிப்ரவரி 9 அன்று மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய்க்கு அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை போட்டபோது, அதற்காகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் எடுத்திருந்த ரகங்களின் பெயர்களைப் பாருங்கள்: கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1. கோயம்புத்தூர், மதுரை, கிள்ளிகுளம், பாலூர். ஊர்ப் பெயரைத் தாங்கிய காய்கள். உள்ளே வைத்த மரபணுவுக்கு மட்டும் ஒரு தனியார் கம்பெனி உரிமை கொண்டாடியது. கடையில் அது எந்தப் பெயரில் வந்திருக்கும்?

இப்போது அதே கேள்வி நெல்லில் நிற்கிறது. 2025 மே 4 அன்று மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் ‘கமலா’ என்பது, நம் விவசாயிகள் ஆந்திரா பொன்னி என்று அழைக்கும் பி.பி.டி. 5204இலிருந்து வந்தது. செய்தது தனியார் அல்ல, ஐதராபாத்தில் உள்ள அரசு நெல் ஆராய்ச்சி நிறுவனம். வெளி மரபணு எதையும் உள்ளே விடாமல் நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தினால், மரபணு மாற்றுப் பயிருக்கான கட்டுப்பாடுகள் அதற்கு வேண்டியதில்லை என்று 2022இலேயே விலக்குத் தந்துவிட்டார்கள். அறிவியலாகப் பார்த்தால் அந்த வேறுபாட்டில் பொருள் இருக்கிறது. விளைச்சல் கூடினால் நல்லதுதான். ஆனால் விதைப் பையிலும் அரிசிப் பையிலும் ‘மரபணு திருத்தியது’ என்று ஒரு வரி எழுத என்ன தயக்கம்? அரசே செய்த விதைக்கு மறைக்க ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. மரபணுவைத் திருத்தும் கருவியின் காப்புரிமை வெளிநாட்டுக்காரர்களிடம் இருப்பதால், நாளைக்கு யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்பதையும் அந்த வரியோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் நல்லது.

மறுபடி சங்கத்தின் பெயருக்கே வருவோம். 2025 நவம்பர் 21 முதல் 1926ஆம் ஆண்டுச் சட்டம் போய், தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு பெற்றதே பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கம் என்கிறது அது. சதவீதத்தை எண்ணுவதற்கு முன் சங்கம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாக அதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தத் தொகுப்பின் கீழ் தமிழ்நாட்டுக்கு எழுதும் விதிகளில் இரண்டு வரி சேர்த்தால் போதும். வேலை செய்கிற நிறுவனத்தின் பெயர் சங்கத்தின் பெயரில் இருப்பதைக் காரணமாகக் காட்டிப் பதிவை நிறுத்தவோ மறுக்கவோ முடியாது என்பது முதல் வரி. முதலாளியின் ஆட்சேபம் எதுவானாலும், சட்டம் விதித்த கெடுவுக்குள் பதிவாளர் எழுத்து மூலம் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. சுங்குவார்சத்திரத்துக்காரர்கள் இதற்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அடுத்து சங்கம் வைக்கப் போகும் ஒரகடம், ஓசூர் தொழிலாளர்களுக்கு அந்தச் செலவும் காலமும் மிச்சமாக வேண்டும்.